ஆலடிக்குளத்தார் லூப்பேக் வைத்த கதை

ஆலடிக்குளம் பால் ஒன்றியத்தில் ஏசி போட்ட அறை ஒன்றே ஒன்றுதான். அது கணினிப் பிரிவு. ஏசி, கணினிகளுக்காகப் போட்டது. அனுபவித்தவர் பிரிவின் பொறுப்பாளர் அறிவுடைநம்பி. அங்கிருந்து அவரைத் தூக்கினால் தீவனக் கிடங்கில்தான் போடுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். தவிட்டு வாசனை பட்டால் நம்பிக்குத் தும்மல் பிடிக்கும். பிடித்தால் விடாது. ஆகவே தும்மாமல் ஓய்வு பெறுவது என்பதே அவருடைய வாழ்க்கை லட்சியம்.

அவருக்குக் கீழே தளவாய், பிச்சைக்கனி என்று இரண்டு பேர். மூவரும் யோசிக்காமல் எதையும் செய்யமாட்டார்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

ஒன்றியத்துக்கு நான்கு ஊர்களில் பால் நிலையம். எவ்வளவு பால் சேர்ந்தது என்று நிலையத்திலிருந்து செய்தி வந்தால்தான் டேங்கர் லாரி கிளம்பும். செய்தி போக நிலையத்துக்கு ஒரு ரூட்டர். வந்ததை எந்தப் பக்கம் தள்ளிவிடுவது என்று வழிகாட்டுகிற பெட்டி. அதற்கு இரண்டு வழி: மண்ணுக்கடியில் ஒரு கம்பி, மொட்டைமாடியில் ஒரு டிஷ். ஒன்று படுத்தால் மற்றது சுமக்கும்.

ஒருநாள் அந்த நான்கில் ஒன்றான பனையடியில் ஜேசிபிக்காரன் கம்பியை அறுத்துவிட்டான். ஆலடிக்குளத்தில் நிலையங்களின் நிலவரம் காட்டும் திரையில் பனையடி பச்சையிலிருந்து சிவப்பாகிவிட்டது. ஆனால் டிஷ் வழியாகப் பனையடி நிலையத்துச் செண்பகவல்லியின் மின்னஞ்சல் வந்தது: "பால் நிறைஞ்சு நிக்கி. லாரி எங்கே?"

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"திரையில பனையடி செத்துப்போச்சு, அண்ணாச்சி," என்றார் தளவாய். "செத்த எடத்துல இருந்து மெயில் வருது. பதில் போடலாமா?"

"மரியாதைக்கு ஒண்ணு போட்டுருவோம்," என்றார் நம்பி.

இப்படிப் போட்டார்கள்: "தங்கள் நிலையம் தற்போது செயல்பாட்டில் இல்லாததால் தங்கள் மின்னஞ்சலை ஏற்க இயலவில்லை."

பால் அத்தனையும் திரிந்தது. விஷயம் சேர்மன் காதுக்குப் போனது. சேர்மன் பெரிய மனிதர்; யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், காரணம் யார் பெயரும் அவருக்குத் தெரியாது. லாரிப் பிரிவுக்காரர் அவருக்கு 'லாரி'. நம்பி 'கம்ப்யூட்டர்'.

"வே கம்ப்யூட்டர், வெள்ளிக்கிழமை நான் வந்து பாப்பேன். நாலும் பச்சையா இருக்கணும். இல்லைன்னா பொறுப்பான ஆள் தீவனக் கிடங்குக்குப் போவான்."

நம்பிக்கு அப்போதே மூக்கு அரித்தது. பெங்களூரிலிருந்து ரோஸ்மேரி என்கிற நிபுணரை வரவழைத்தார். அந்த அம்மாள் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பனையடி ரூட்டரை நீங்க அந்தக் கம்பியோட முகவரியை வச்சுத்தான் கூப்பிடுறீங்க. கம்பி போனா முகவரியும் போச்சு. முன்வாசல் அடைச்சிருந்தா வீட்டுல ஆளே இல்லைன்னு அர்த்தமா? ரூட்டருக்குள்ளேயே ஒரு முகவரி வைங்க. லூப்பேக்னு பேரு. கண்ணால பார்க்கிற சாமான் இல்ல. எந்தக் கம்பியையும் நம்பி அது இருக்கக் கூடாது. நெட்வொர்க்குக்கு நடுவுல இருந்து அதுக்கு வழி தெரியணும். வச்சதும் கூப்பிட்டுப் பாருங்க, பதில் வந்தா சரி."

மூவரும் தலையாட்டினார்கள். ஒரே தாளத்தில் ஆட்டியதால் புரிந்துவிட்டது என்று நினைத்து, அந்த அம்மாள் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

"எங்க வைக்கதுன்னு மொதல்ல முடிவு பண்ணணும்," என்றார் தளவாய். "கண்ணுக்குத் தெரியாத சாமான். கண்ட எடத்துல வச்சுட்டா பொறவு தேட முடியாது."

"நடுவுலன்னு சொன்னாங்களே," என்றார் பிச்சைக்கனி.

வரைபடத்தை விரித்து, நான்கு ஊர்களையும் குறுக்குக் கோடு போட்டு இணைத்தார்கள். கோடுகள் வெட்டிக்கொண்ட இடம் பெரியகுளத்து நடுத் தண்ணீர்.

"நனைஞ்சிராதா?"

"கண்ணுக்கே தெரியாதது எப்படிவே நனையும்?"

"அது குடியிருக்கிற ரூட்டர் நனையுமே!"

இதில் நியாயம் இருந்தது. தண்ணீருக்கு மேலே நிற்கும்படி நடுக்குளத்தில் மூங்கில் நட்டு, அதன் உச்சியில் ரூட்டரைக் கட்டுவது என்று தீர்மானமாயிற்று. தளவாய் நீந்திப் போய் மூங்கிலை நட்டுவிட்டு வந்தார். அவர் கரையேறித் தலை துவட்டுவதற்குள் ஓர் எருமை போய் அதில் முதுகைச் சொறிந்துகொண்டது. மூங்கில் மிதந்துவந்து கரை சேர்ந்தது.

நம்பிதான் வழி கண்டார். "நம்ம நெட்வொர்க்குக்கு நடு எது? நம்ம அறை. நாலு ரூட்டரையும் இங்க கொண்டாந்துட்டா நாலும் நடுவுல இருக்கும். ஏசியும் இருக்கு."

நான்கு நிலையங்களிலும் ரூட்டர்களைக் கழற்றினார்கள். பனையடியில் செண்பகவல்லி குறுக்கே நின்றாள். "அதைத் தூக்கிட்டுப் போனா நான் எப்படிச் செய்தி அனுப்புவேன்?"

"உன் நிலையம் இனிமே சாகாம இருக்கதுக்கு ஏற்பாடு பண்ணுதோம். ஒத்துழைக்கணும், தாயி," என்று பிச்சைக்கனி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

ஏசி அறை மேஜையில் நான்கும் வரிசையாக உட்கார்ந்தன. கம்பியை நம்பக் கூடாது என்பதால் எல்லாக் கம்பிகளையும் பிடுங்கினார்கள். மின்சாரக் கம்பி மட்டும் மிஞ்சியது.

"அதுவும் கம்பிதானே," என்றார் தளவாய்.

"பிடுங்குனா அணைஞ்சிரும்வே."

"அணைஞ்சா, அதை நம்பித்தான் இருந்திருக்குன்னு அர்த்தம்."

அதையும் பிடுங்கிவிட்டு பேட்டரி வைத்தார்கள். இனிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். இங்கேதான் முட்டிக்கொண்டது. எது எதைக் கூப்பிட்டாலும் நடுவில் கம்பி வேண்டுமே!

"அடுத்தவனைக் கூப்பிட்டாத்தானே கம்பி வேணும்?" என்றார் நம்பி மெதுவாக. "அவனவன் தன்னைத்தானே கூப்பிட்டுக்கிடட்டும்!"

பதிலைத் திரையில் பார்க்கப் பெட்டிக்கொரு கம்பி செருகினார்கள். அது பார்க்கிற கம்பி, நம்புகிற கம்பி இல்லை என்று தளவாய் தீர்ப்புச் சொன்னார். ஒவ்வொரு ரூட்டரும் 'நான் இருக்கேனா?' என்று தன்னையே கேட்டு, 'இருக்கேன்' என்று தனக்கே சொல்லிக்கொண்டது. நான்கும் பச்சை. அப்படி ஒரு பச்சையை ஆலடிக்குளம் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை சேர்மன் வந்தார். பார்த்தார். "பேஷ்!" என்று வாய் திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னவே இந்த நாத்தம்?"

வாசலில் செண்பகவல்லி நின்றாள். பின்னால் நான்கு ஊர்ப் பால்காரர்களும், திரிந்த பால் கேன்களும். "ரூட்டரைத் தூக்கிட்டுப் போயிட்டாக! செய்தியும் போகல, லாரியும் வரல. பனையடி நாறிக் கெடக்கு!"

நம்பி அனுதாபத்துடன் திரையைக் காட்டினார். "பனையடி நல்லாத்தான் இருக்கு, தாயி. இந்தா பாரு."

"நான் பனையடியில இருந்துதான்யா வாரேன்!"

"அதான் சொல்லுதேன். நீ இங்க நிக்கே. அங்கத்த நிலவரம் உனக்கு எப்படித் தெரியும்?"

செண்பகவல்லி ஒரு கேனை எடுத்துச் சேர்மனின் காலடியில் கவிழ்த்தாள். அவருடைய வெள்ளைச் செருப்பு கட்டிப் பாலுக்குள் காணாமல் போனது.

"வே கம்ப்யூட்டர்!" என்று கத்தினார் சேர்மன். "இதுக்கெல்லாம் பொறுப்பு யாரு? பேரைச் சொல்லும்!"

நம்பி பொய் சொல்லிப் பழகாதவர். "அறிவுடைநம்பிங்க, ஐயா."

"அந்தப் பயலைத் தூக்கித் தீவனக் கிடங்குல போடும். அங்க போய்ச் சேந்தானான்னு நீரே பாத்து எனக்குச் சொல்லணும்."

"உத்தரவு, ஐயா."

மறுநாள் நம்பி தீவனக் கிடங்கில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே நின்றார். உத்தரவில் பாதி பாக்கி இருந்தது. செல்போனை எடுத்து அறிவுடைநம்பியின் எண்ணுக்கு அடித்தார். அவரிடமிருந்து அவருக்கே போன அந்த அழைப்பு, லைன் பிஸி என்றது. மறுபடி அடித்தார். அப்போதும் பிஸி. சேர்மனைக் கூப்பிட்டார்.

"ஐயா, கம்ப்யூட்டர் பேசுதேன், கிடங்குல இருந்து. நம்பியைக் கூப்பிட்டுப் பாத்தேன். ஆள் உயிரோட இருக்கான். ஆனா எப்பப் பாத்தாலும் யார்கூடயோ பேசிக்கிட்டே இருக்கான்."

"வேலை நேரத்துலயா?"

"நான் அடிக்கும்போதெல்லாம், ஐயா."

"திருந்தாத ஜென்மம்! அவன்மேல ஒரு கண்ணு இருக்கணும். நீரு அங்க ஏன்வே நிக்கீரு? ஏசி ரூமுக்குப் போய் உக்காந்து அவனைக் கண்காணியும்."

நம்பி அன்றைக்கே திரும்பிவந்தார். தும்மல் நின்றது. திரையில் நான்கு பச்சைக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்று சேர்ந்தது: 'தீவனக் கிடங்கு – அறிவுடைநம்பி'. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பெருமூச்சு விடுவார்.

"பாவம், அந்தத் தவிட்டுக்குள்ள எப்படித்தான் இருக்கானோ," என்பார் தளவாயிடம். "ஆனா ஒருநாள்கூட லீவு போட்டதில்லை, பாத்துக்கிடும்."