ஓடக்காரி சொன்ன ஆறு

மூடுபனி விலகாத ஒரு தீவில் ஒரு சட்டம் இருந்தது. உள்ளூர்க்காரருக்கு மாதம் ஆறு வெள்ளியாவது கூலி கொடுத்தால்தான் அவருடைய வேலைச்சீட்டில் முத்திரை விழும். முத்திரை இல்லாதவர் வேலை செய்ய முடியாது.

ஓடக்காரி அல்லியங்கோதைக்கு முதலாளி தருமலிங்கம் கொடுத்தது மூன்று வெள்ளி. முத்திரை நாளன்று அவர், "அதிகாரி எதைக் கேட்டாலும் ஆறு என்று மட்டும் சொல். வேறு வார்த்தை வந்தால் உனக்கு ஓடம் இல்லை" என்றார்.

அலுவலகம் பனியில் மிதப்பதுபோல் இருந்தது.

"கூலி எவ்வளவம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆறு."

முதலாளி மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஓடம் விடுவது கடலா, ஆறா?"

"ஆறு."

"ஒரு கையில் எத்தனை விரல்?"

அவள் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டி, "ஆறு" என்றாள்.

அதிகாரி சிரித்துவிட்டார். "பாடம் சொல்லிக்கொடுத்தவர் நீர்தானே, தருமலிங்கம்? இனி மாதாமாதம் ஆறு வெள்ளியை என் கண்முன்னே கொடும்" என்று முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்ததும் முதலாளி கொதித்தார். "என்ன காரியம் செய்தாய், அடியே!"

அல்லியங்கோதை துடுப்பை எடுத்து, "ஆறு" என்றாள்.

கூலியைச் சொன்னாளா, தண்ணீரைச் சொன்னாளா, சூடு தணியச் சொன்னாளா? ஓடம் பனிக்குள் போய்விட்டது.