கடைசிப் பாத்தி

"அம்மா, நான் ஊருக்கே திரும்பிடுறேன்" என்றார் சடையாண்டி.

உமையாள் அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆசிரமத்துக் குருவான அவர், சீடர் சடையாண்டியைவிட வயதில் மிகவும் இளையவர்.

"ஏன்?"

"கண்ணு மங்கிக்கிட்டே வருது. அடுத்த மழைக்குள்ள பார்வை போயிரும்னு வைத்தியர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள ஒரு பாட்டையாவது நானே எழுத்துக்கூட்டிப் படிக்கணும்னுதான் உங்ககிட்ட வந்தேன். இன்னும் அரிச்சுவடியே முடியல."

"யார் தடுத்தது?"

"யாரும் தடுக்கல. வாசல் கூட்டுறேன், விறகு பிளக்குறேன், வர்றவங்களுக்குப் பாய் விரிக்கிறேன். அரிச்சுவடியைக் கையில எடுத்தா இருட்டிடுது."

அம்மை கீரைத்தண்டை ஒடித்துப் போட்டார்.

"இன்னிக்கு வாய்க்கால்ல நம்ம முறை. தண்ணி பாய்ச்சிட்டு வாங்க. அப்புறம் ஊருக்குப் போகலாம்."

சடையாண்டி மண்வெட்டியோடு போனார். வாழைக்குப் பாய்ச்சினார். தென்னைக்குப் பாய்ச்சினார். செம்பருத்தி வேலிக்கும் கொஞ்சம் விட்டார். கடைசிப் பாத்திக்கு மடை திறந்தபோது முறை முடிந்துவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மை வந்து பார்த்தார். கடைசிப் பாத்தியில் முந்தின நாள் நட்ட கத்திரி நாற்றுகள் தலை தொங்கிக் கிடந்தன.

"வாழை எத்தனை நாள் தாங்கும்?"

"ஒரு வாரம் தாங்கும்."

"நாத்து?"

"இன்னிக்கே கருகிடும்."

"தெரிஞ்சுமா?"

"பயிர் வச்சுப் பிழைச்சவன்தானே நான்."

"பின்னே ஏன் வாழைக்கு முதல்ல பாய்ச்சினீங்க?"

"அதுதான் பக்கத்துல இருந்துச்சு."

சொன்னவர் அப்படியே நின்றார்.

பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார்.

ஊருக்குப் போகவில்லை.

மறுநாளிலிருந்து விடிந்ததும் ஆசிரமத்து வாசல் குப்பையாகவே கிடந்தது. மற்ற சீடர்கள் முணுமுணுத்தார்கள்.

மழைக்காலம் நெருங்கிய ஒரு காலையில், பெரிய மடத்துத் தலைவர் ஒருவர் பரிவாரத்தோடு வந்தார்.

"சடையாண்டியாரே, பாய் போடணும்" என்று அம்மை குரல் கொடுத்தார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"நாத்துக்குத் தண்ணி போய்க்கிட்டிருக்கு, அம்மா. வாழை கொஞ்சம் பொறுக்கட்டும்."

"யாரு, நானா வாழை?" என்றார் தலைவர்.

அம்மை தாமே பாயை விரித்தார்.

"உங்க பேச்சையே கேட்காத சீடரா?"

உள்ளே ஒரு கிழக்குரல் எழுத்தெழுத்தாகத் தடுக்கியது. நின்றது. மறுபடி தொடங்கியது. பிறகு பாட்டின் முதல் அடியை முழுதாகச் சொன்னது.

அம்மை நிமிர்ந்தார்.

"கேட்டுட்டாரு. அதான் வரல."