வெற்றிலை விழுந்த கிரீடம்

முன்னொரு காலத்தில், மைத்துனரின் பாட்டுக்கு நடுங்கிய ஓர் அரசர் இருந்தார். எதிரிப் படைக்கு அவர் நடுங்கியதில்லை. ராணியோடு போட்ட ஒரு பந்தயத்தில் தோற்றதால் வந்த வினை அது.

அந்த நாட்டில் மாசி மாதம் கூத்துப் போட்டி நடக்கும். மற்ற ஊர்களில் கூத்து விடிய விடிய நடப்பதுதான் வழக்கம். இங்கே அரசர் விளக்கு வைத்ததும் தூங்கிவிடுவார் என்பதால் பட்டப்பகலில் நடந்தது. மூன்று குழுக்கள் ஆடும். ஆடி முடித்ததும் ஒவ்வொரு குழுவும் தன் ராஜ வேஷத்தின் கிரீடத்தைக் கழற்றி, அரங்கின் நடுவில் ஒரு மணைமேல் வைக்கும். நடுவர்கள் மூவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து, தமக்குப் பிடித்த குழுவின் கிரீடத்தில் ஆளுக்கொரு வெற்றிலை வைப்பார்கள். அதிக வெற்றிலை விழுந்த குழுவின் ராஜ வேஷக்காரன் காலில் அரசர் தம் கையால் பொற்சலங்கை கட்டுவார்.

சலங்கை யார் காலில் ஏறும் என்று போன ஆண்டு அரசரும் ராணியும் பந்தயம் கட்டினார்கள். அரசர் தோற்றார். அதனால் ராணியின் அண்ணன் தினமும் மாலையில் பாடுவதை ஓராண்டு முழுக்க உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று. ஆண்டு முடியப் போகிறது. ராணி மறுபடியும் பந்தயத்துக்கு அழைத்துவிட்டாள்.

சபை கூடியதும் அரசர் தம் விகடன் சிகாமணியைக் கூப்பிட்டார். இந்த முறை யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடு என்றார். ஏதோ கிண்டலாகப் பதில் சொல்ல சிகாமணி வாயெடுத்தான். அதற்குள் பிரதானி அனந்தப்பர் எழுந்தார்.

"மன்னர் பெருமானே, இவர் சொல்லில் வழுக்குபவர். 'யார் ஜெயிப்பார்' என்று கேட்டால் எப்படியும் பொருள் சொல்லித் தப்பிவிடுவார். நடுவர்களின் வெற்றிலை எந்தக் கிரீடத்தில் அதிகம் விழும் என்று கேளுங்கள். போட்டிக்கு முன்தினம் சபையில் சொல்லட்டும். சொன்னது தவறினால் இந்த ஊரில் இவருக்கு இடமில்லை என்று கட்டளையிடுங்கள். அப்போதுதான் ஒழுங்காக யோசிப்பார்."

அரசருக்கு மைத்துனரின் குரல் நினைவுக்கு வந்தது. அப்படியே ஆகட்டும் என்றார்.

சிகாமணி அனந்தப்பரைப் பார்த்தான். நடுவர்களில் முதல்வர் அனந்தப்பர். இரண்டாமவர் தளபதி. மூன்றாமவர் ஆஸ்தானப் புலவர் கவிராயர். மூவரும் ஒரே இலையில் சாப்பிடாத குறை. அரசர் சிகாமணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது மூவருக்கும் கண்ணில் விழுந்த தூசி. அவன் எந்தக் குழுவைச் சொன்னாலும் வேறு குழுவுக்குத்தான் வெற்றிலை வைப்பார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வேறு நாட்டுக்குப் போவதில் அவனுக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. விகடனுக்கு எங்கேயும் சோறு கிடைக்கும். ஆனால் அவன் மனைவி செங்கமலம் போன ஆடியில் காய்ச்சலில் போய்விட்டாள். ஆற்றங்கரையில் புதைத்திருந்தார்கள். தினமும் பொழுது சாயும்போது அங்கே போய் ஒரு விளக்கு வைத்துவிட்டு வருவான். அழுவதில்லை, பேசுவதில்லை. வைப்பான், வருவான். அதை விட்டுவிட்டு அவனால் போக முடியாது.

கடைத்தெருவில் பவளாயி என்ற வெற்றிலைக்காரி கூத்துப் பந்தயம் பிடித்து வந்தாள். கடைச் சுவரில் மூன்று கிரீடங்களைக் கரியால் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் கோடுகள் போட்டிருப்பாள். ஜெயிக்கும் என்று ஊர் நம்பும் குழுவுக்குக் கோடு குறைவு. நம்பாத குழுவுக்கு அதிகம். மணல்மேட்டுக் குழுவுக்கு இரண்டு கோடு. ஒரு காசு கட்டினால் இரண்டு கிடைக்கும். ஆலங்காட்டுக் குழுவுக்கு நான்கு. ஏரிக்கரைக் குழுவுக்குப் பத்து. ஏரிக்கரை ராஜ வேஷக்காரன் வேம்புலிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது ஊருக்கே தெரியும்.

சிகாமணி போய்ப் பார்த்த அன்று ஏரிக்கரையின் கீழே இருந்த பத்துக் கோடுகளும் அழிக்கப்பட்டு ஒன்றரைக் கோடுதான் இருந்தது. யாரோ அதன்மேல் நிறையக் காசு கட்டியிருக்க வேண்டும்.

அவன் நேரே ஏரிக்கரைக் குழுவின் குடிசைக்குப் போனான். வேம்புலி மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தான். குரல் திரும்பியதா என்று கேட்டதற்கு வாயைத் திறந்து காட்டினான். காற்றுதான் வந்தது. ஜெயிப்பாயா என்று கேட்டதும் கஷாயம் மூக்கில் ஏறும்படி சிரித்தான். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. அப்படியானால் காசு கட்டியது யார்?

கடைக்குத் திரும்பி வந்து கேட்டதும் பவளாயி முதலில் அவனையே சந்தேகப்பட்டாள்.

"ஏன்யா விகடரே, இது உன் வேலையா? கள்ளக்காசு அடிச்சு ஆள் அனுப்பிருக்கியா?"

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே மயில் பொறித்த பொற்காசுகள். யார் யாரோ முகம் தெரியாத ஆட்கள் தனித்தனியாக வந்து ஏரிக்கரைமேல் கட்டிவிட்டுப் போனார்களாம். இப்படி ஒரு காசை அவள் பார்த்ததே இல்லையாம். ஆனால் உரசிப் பார்த்தால் சுத்தப் பொன்.

சிகாமணி பார்த்திருந்தான். சித்திரை முதல் நாள் அரசர் வெளியிடப்போகும் புதுக்காசு அது. அச்சடித்துக் கருவூலத்தில் வைத்திருக்கிறது. பழைய காசெல்லாம் எண்ணி முத்திரையிட்ட பைகளில் இருக்க, புதுக்காசை மட்டும் இன்னும் யாரும் எண்ணவில்லை. கருவூலச் சாவி அனந்தப்பரின் இடுப்பில்.

ஏரிக்கரைக்கே வெற்றிலை வைத்து, ஒரே கல்லில் என்னை விரட்டவும் வேண்டும், காசு பார்க்கவும் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டான். காசைக் கொண்டுபோய் அரசரிடம் காட்டலாம். காட்டினால் அனந்தப்பர் திருட்டுப் போய்விட்டது என்பார். யாரோ ஒரு காவல்காரன் தலை உருளும். கட்டிய கை எது என்று காசு சொல்லாது.

போட்டிக்கு முன்தினம் சபை நிறைந்திருந்தது. சிகாமணி எழுந்தான்.

"அரசே, வெற்றிலை ஏரிக்கரைக் கிரீடத்தில் விழும்."

சபையே சிரித்தது. வாயிற்காவலன்கூட ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிக்காதவர்கள் மூன்று பேர்.

அதன்பிறகு நடந்ததுதான் அரசருக்கு விசித்திரமாகப் பட்டது. அவனை மாட்டிவிட்ட அனந்தப்பரே அவனுக்காகப் பரிந்து பேசினார். விகடர் அவசரப்பட்டுவிட்டார், இன்னொரு முறை யோசிக்க விடுங்கள் என்றார். தளபதியும் ஆமோதித்தார். யோசித்தாயிற்று என்று சிகாமணி உட்கார்ந்துவிட்டான். அரசர் பிரதானியைப் பார்த்தார், விகடனைப் பார்த்தார், இரண்டு முகத்திலும் ஒன்றும் பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல் ராணியிடம் ஏரிக்கரை என்று சொல்லி அனுப்பினார். ராணி மணல்மேடு என்றாள்.

மறுநாள் கூத்து நடந்தது. மணல்மேட்டார் ஆடியபோது கைப்பிள்ளைகள்கூட அழவில்லை. ஆலங்காட்டார் ஒழுங்காக ஆடினார்கள். வேம்புலிக்குப் பதிலாகப் பின்பாட்டுக்காரர் பாட, அவன் வாயை மட்டும் அசைத்தான். பாட்டு முடிந்த பிறகும் வாய் அசைந்துகொண்டிருந்தது.

கிரீடங்கள் மணையில் ஏறின. நடுவர்கள் வெற்றிலை எடுக்க வந்தபோது, தட்டை நீட்டிக்கொண்டிருந்தவள் பவளாயிதான். சிகாமணி பக்கத்தில் போய் நின்றான். ஏரிக்கரை தோற்றால் அந்த மயில் காசுகளை என்ன செய்வாய் என்று சாதாரணமாகக் கேட்டான்.

"என்ன செய்வேன், உருக்கி வளையல் அடிச்சுப் போட்டுக்குவேன். செல்லுமோ செல்லாதோ, எனக்கு எதுக்கு வம்பு."

அனந்தப்பரின் கை தட்டின்மேல் நின்றுவிட்டது. வளையலாகிவிட்ட காசைச் சித்திரைக்குள் கருவூலத்தில் திரும்ப வைக்க முடியாது.

முதலில் கவிராயர் போனார். பகைதான் பெரிது என்று மணல்மேட்டுக் கிரீடத்தில் வைத்தார். தளபதி போனார். யாரையும் பார்க்காமல் ஏரிக்கரையில் வைத்தார். அனந்தப்பர் மணையைச் சுற்றி நடந்தார். மணல்மேட்டின் முன் குனிந்தார், நிமிர்ந்தார். வெற்றிலை அவர் விரலில் கசங்கியது. கடைசியில் ஏரிக்கரைக் கிரீடத்தில் அதை வைத்துவிட்டு, சுட்டுக்கொண்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

 கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. வேம்புலி தன் காலைத் தானே பார்த்துக்கொண்டு விழித்தான்.

அரசர் சிகாமணியைக் கிட்டே அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உண்மையைச் சொல். நடுவர்களுக்கு நீ என்ன கொடுத்தாய்?"

"என்னிடம் கொடுக்க என்ன இருக்கிறது அரசே? எனக்கு முன்பே இதைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஏரிக்கரைமேல் பந்தயம் கட்டியவர்கள். வழக்கமாக மறுநாள் காலையில் ஆள்விட்டுப் பணம் வாங்கிக்கொள்வார்கள். இன்றைக்கு இங்கேயே, தங்கள் முன்னால், தத்தம் கையை நீட்டி வாங்கட்டும். அதிகம் வாங்குபவரைக் கேளுங்கள். எப்படித் தெரிந்தது என்று அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்."

பறை அறைந்தார்கள். பவளாயி துணியை விரித்து, பந்தயத்தில் வந்த காசையெல்லாம் கொட்டினாள். முதலில் வேம்புலியின் மாமியார் வந்தாள். மருமகன்மேல் ஒரு காசு கட்டியிருந்தாள். வாங்கிக்கொண்டு, இனிமேல் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு ஒரு குயவர் வந்தார். அதன்பின் யாரும் வரவில்லை. மயில் காசுகள் குவியலாக வெயிலில் கிடந்தன. கை நீட்ட ஆளில்லை.

அரசர் இறங்கி வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். தாமே இன்னும் செலவு செய்யாத காசு. திரும்பி அனந்தப்பரின் இடுப்புச் சாவியைப் பார்த்தார்.

கருவூலத்தில் திருட்டு நடந்திருக்கிறது, உடனே காவலரைப் பிடித்து விசாரிக்க வேண்டும் என்று அனந்தப்பர் பதறினார். அந்தத் திருடன் பெரிய கூத்து ரசிகனாக இருக்க வேண்டும் என்றான் சிகாமணி. குரலே இல்லாத குழுவுக்கு நடுவர்கள் வெற்றிலை வைப்பார்கள் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறதே. அரசரின் பார்வை நடுவர்கள் பக்கம் நகர்ந்தது. கவிராயர் முந்திக்கொண்டார். "அரசே, அடியேன் மணல்மேட்டுக்கு அல்லவா வைத்தேன்."

தளபதிக்குப் பொறுக்கவில்லை. "வெற்றிலையை அங்கே வைத்தீர். உம் பங்குக் காசை எங்கே வைத்தீர்?"

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தார். காவலர்கள் மூவரையும் சூழ்ந்துகொண்டார்கள். மூவரும் இன்றே ஊரை விட்டுப் போக வேண்டும், இந்த வெற்றிலை செல்லாது, சலங்கை மணல்மேட்டுக்கே என்று அரசர் அறிவித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

அந்த ஆரவாரம் அடங்கும்வரை அனந்தப்பர் காத்திருந்தார்.

"பெருமானே, நான் குற்றவாளிதான். ஆனால் அரச வாக்கு என்று ஒன்று உண்டு. விகடர் சொன்னது ஏரிக்கரை. சலங்கை போவது மணல்மேட்டுக்கு. சொன்னது தவறிவிட்டது. என்னோடு அவரும் இன்றே ஊரை விட்டுப் போக வேண்டும்."

அரசரின் முகம் வெளுத்தது. சபையில், எல்லார் முன்னிலையிலும் கொடுத்த வாக்கு. சிகாமணிக்கு ஆற்றங்கரைதான் கண்ணில் வந்தது.  ஆனாலும் குரலை நிதானமாக வைத்துக்கொண்டான்.

"யார் ஜெயிப்பார் என்றுதான் அரசர் கேட்டார். அது வேண்டாம், வழுக்கிவிடுவான், வெற்றிலை எங்கே விழும் என்று கேளுங்கள் என்று திருத்தியவர் பிரதானி. நான் சலங்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெற்றிலையைப் பற்றிச் சொன்னேன். செல்லுமோ செல்லாதோ, அது எங்கே கிடக்கிறது என்று தாங்களே பாருங்கள்."

எல்லோரும் மணையைப் பார்த்தார்கள். ஏரிக்கரைக் கிரீடத்தின்மேல் இரண்டு வெற்றிலைகள். ஒன்று கசங்கியிருந்தது.

அரசருக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் நின்றது. ராணியோடு அவர் கட்டிய பந்தயம் வெற்றிலையைப் பற்றியதல்ல, சலங்கையைப் பற்றியது. உப்பரிகையில் ராணி தன் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தாள். இன்னோர் ஆண்டு. அதை நினைத்ததும் அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரிக்கத் தொடங்கினார். இந்த முறை நிற்கவில்லை.

நடுவர் மூவரும் பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டினார்கள். மணல்மேட்டு ராஜ வேஷக்காரன் காலில் சலங்கை ஏறியது. காசு கருவூலத்துக்குத் திரும்பியது.

என்ன வேண்டும் என்று அரசர் கேட்டார். அடுத்த ஆண்டிலிருந்து நீயே நடுவராக இரு என்றார். வேண்டாம் என்றான் சிகாமணி. அந்த இடத்தில் உட்கார்ந்தால் தன்னையே தான் சந்தேகப்பட வேண்டியிருக்கும் என்றான். ஆற்றங்கரையில் இன்ன இடத்தில் ஒரு துண்டு நிலம் கேட்டான். அங்கிருந்து தன்னை எந்த அரசரும், எந்தக் காரணத்துக்கும், எந்தப் பந்தயத்துக்கும் போகச் சொல்லக் கூடாது என்று கேட்டான். எந்த இடம் என்று அரசருக்குத் தெரியும். 

"கொடுத்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நாளைக்கே உன்மேல் எனக்குத் தாங்க முடியாத கோபம் வந்துவிட்டால் நான் என்ன செய்வது?"

"தாங்கள் ஊரை விட்டுப் போகலாம் அரசே. மைத்துனர் அவ்வளவு தூரம் வந்து பாடமாட்டார்."

அரசர் சிரித்த சிரிப்பு உப்பரிகைவரை கேட்டது. கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி அவன் கையில் போட்டார். ராணி மட்டும் என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று பக்கத்திலிருந்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை.