குருவையா அச்சடித்த கல்யாணப் பத்திரிகை

சாத்தூரில் குருவையா என்று ஒருத்தர். அச்சகம் வைத்திருந்தார். மூளை வைத்திருந்தாரா என்று கேட்காதீர்கள்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டார். முதல் வேலையே மகள் கல்யாணப் பத்திரிகை. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். திங்கட்கிழமை வந்தும் ஒரு தாள் அச்சாகவில்லை. திரையில் ஒரே பல்லவி: ‘மெமரியில் இடம் போதாது.’

"பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு எவன் வருவான்? மண்டபத்துல நானும் மேளக்காரனும்தான்." குருவையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சிவகாசி மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, மொத்தம் நாலு எம்.பி. இருக்கு. ஆனா புரோகிராம் ஓடுறது முதல் அறுநூத்திநாப்பது கே.பி.யிலதான். ஆன் பண்ணினதும் மவுசுக்கும் பிரிண்டருக்கும் உள்ள புரோகிராம் அதுல ஏறி உக்காந்துக்கிடுது. வேண்டாததை வெளிய தள்ளுங்க." போனை வைத்துவிட்டான்.

மவுசும் பிரிண்டரும் வாசலுக்குப் போயின. திரை மசியவில்லை.

வேலையாள் தவசி பெட்டியைக் கழற்றிப் பார்த்தான். "அண்ணாச்சி, உள்ள ஒரு வாழைத்தாரே வைக்கலாம். அவ்வளவு காலி!"

இன்னொரு வேலையாள் சன்னாசி தாடையைத் தடவினான். "அப்ப பெட்டியில குறையில்ல. அறையிலதான் இடம் பத்தல."

பீரோ போனது. காகிதக் கட்டு போனது. நாற்காலி போனது. ம்ஹூம்.

"நாமளே மூணு தடியன் நிக்கோமேடா!" என்றார் குருவையா.

மூவரும் வெளியேறி, ஜன்னல் வழியே மூங்கில் கம்பை விட்டுப் பட்டனை அமுக்கினார்கள். போதாதாம்.

"ஆயிரம் பேர் உக்காருற இடம் ஒண்ணு இருக்கு" என்றான் தவசி. "கல்யாண மண்டபம்."

குருவையா அவனைக் கட்டிக்கொண்டார். "ஆனா மண்டபத்துக்காரன் வெள்ளிக்கிழமைதானே கரண்ட் குடுப்பான்? பிரிண்டரையும் வெளிய தள்ளியாச்சு. அச்சடிக்கிறது எப்படி?"

"எதுக்கு அச்சு? ஊரை வந்து திரையில பாத்துக்கிடச் சொல்லுவோம்" என்றான் தவசி.

மூன்று நாள் கை வீங்க ஐநூறு கடிதம் எழுதினார்கள்: ‘குருவையா மகள் கல்யாணப் பத்திரிகையைப் பார்க்க, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குடும்பத்தோடு மண்டபத்துக்கு வரவும். சாப்பாடு உண்டு.’ வீடு வீடாகக் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஊரே திரண்டது. சம்பந்தி வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தாலி ஏறியது. மூன்று பந்தி முடிந்து நாலாவதுக்கு இலை போட்டார்கள்.

குருவையா தூணோரம் குந்தித் தேம்பித் தேம்பி அழுதார்.

"என்னய்யா, நல்ல நாளும் அதுவுமா?" என்றார் சம்பந்தி, வாயில் வெற்றிலையோடு.

"பத்திரிகை பாக்க இவ்வளவு சனம் வந்திருக்கு, சம்பந்தி. கல்யாணத்துக்கு ஒருத்தனையும் கூப்பிட முடியாமப் போச்சே!"