நல்ல கை

பேச்சித்தாய் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற வைத்தியச்சி. அவளிடம் தொழில் படிக்கிற சுயம்பு அவளைவிட ஐந்து வயது மூத்தவர்; ஆனாலும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார். கால் ஒடிந்து வந்த மனுஷன், கால் கூடிய பிறகும் போகவில்லை. ஆயிற்று, பத்து வருஷம்.

அந்தக் கதையை அவர் சொல்லாத ஆளே கிடையாது. "ஒடிஞ்சது வலது காலு. அம்மா எண்ணெய் தடவுறது இடது காலுக்கு! வலியோட வலியா நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே!"

பேச்சித்தாய் காதிலும் விழும். அவள் பாட்டுக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காலை கிணற்றடியில் வழுக்கி அவளுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. அன்றைக்குப் பார்த்தா பனையிலிருந்து விழுந்த தவசிமுத்துவைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்! வலது தோள்மூட்டு இறங்கித் தொங்கியது. கூடவே அவன் பெண்டாட்டி, அழுத கண்ணோடு.

"வீங்குறதுக்குள்ள ஏத்தணும். நீரே ஏத்தும்" என்றாள் பேச்சித்தாய்.

"நானா?"

"என் கையால முடியாதுல்லா." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சுயம்பு தவசிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தார். உடம்பை முறுக்கிக்கொண்டு கிடப்பவனை இழுத்தால் நரம்பு போய்விடும். நரம்பு போனால் கை போச்சு. கை இல்லாத பனையேறி எந்த மரத்தில் ஏறுவான்? அம்மாவானால் சிரிக்க வைப்பாள். சிரிக்கிறபோது சதை தளரும், அந்த நேரம் பார்த்து இழுப்பாள்.

அம்மா சொல்கிற செவிட்டு மாமியார் கதையை எடுத்துவிட்டார். தவசிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தான்.

"அவுக உசிரு போகுது. உமக்குக் கதை கேக்குதோ?" என்றாள் பெண்டாட்டி.

அடுத்த கதை, மரத்திலிருந்து விழுந்த ஒருவனைப் பற்றியது. யாரிடம் சொல்கிறோம் என்பது பாதியில்தான் உறைத்தது. அப்படியே விழுங்கிவிட்டார்.

தோள் வீங்க ஆரம்பித்தது. வேர்வை கண்ணை மறைத்தது. இனி பொறுக்க முடியாதென்று, சாமியை நினைத்துக்கொண்டு கையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி" என்றான் தவசிமுத்து.

"என்னப்பா?"

"அது நல்ல கை."

பெண்டாட்டிதான் முதலில் களுக்கென்று சிரித்தாள். அழுகையும் சிரிப்புமாக அவள் மூக்கைத் துடைப்பதைப் பார்த்து அவனுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தான். சுயம்பு வலது பக்கம் தாவி ஒரே இழுப்பு. டக்கென்று மூட்டு ஏறியது.

தவசிமுத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். எல்லாம் மடங்கின.

சுயம்பு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"ஏறிட்டா?"

"ஏறிட்டு."

"சிரிச்சானா?"

"என்னையப் பாத்துச் சிரிச்சான்மா. பதட்டத்துல நல்ல கையப் புடிச்சுட்டேன். நாளைக்கு ஊரே சொல்லிச் சிரிக்கும். மானம் போச்சு. எனக்கு இந்தத் தொழிலே வேண்டாம்."

"பத்து வருஷமா நீரும்தான் சொல்லிச் சிரிக்கீரு. நான் என்ன, தொழிலை விட்டுட்டா போயிட்டேன்?"

"உங்களுது ஏதோ மறதியில நடந்தது."

பேச்சித்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒடிஞ்ச காலு எதுன்னு எனக்குத் தெரியலைன்னா நெனச்சீரு?"

சுயம்பு தன் வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.