வெற்று நிலம் என்று சொன்ன நரி

காட்டின் நடுவே ஒரு புல்வெளி. அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது. புல்லுக்கு அடியில் கொழுத்த கிழங்குகள் இருப்பதைக் காட்டுப்பன்றி மோப்பம் பிடித்துவிட்டது.

"எனக்குக் குத்தகைக்கு விடுங்கள். தோண்டுவதில் பாதி அரண்மனைக்கு" என்று பன்றி, காட்டின் ராணியான யானையிடம் கேட்டது.

ராணி தன் அமைச்சர் நரியை அனுப்பினாள். நரி உச்சிவெயிலில் போய், பாறை நிழலில் நின்று ஒரு குரல் கூவி, ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பியது.

"வெற்று நிலம், மகாராணி. ஆட்சேபம் உண்டா என்று கூவியும் கேட்டேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை."

"அப்படியானால் நாளைக் காலை தோண்டட்டும்."

சேதி வெள்ளெலியின் காதுக்கு வந்தது. அவள் வளை அந்த வெளியின் நடுவில்தான் இருந்தது. உள்ளே கண் திறக்காத குட்டிகள். அவற்றைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? நேரே சபைக்குப் போனாள்.

"நரியாரே, எப்போது கூவினீர்?"

"நண்பகலில்."

"அப்போது நாங்கள் வளைக்குள் தூங்குவோம். வெயிலில் மண்டை காய நாங்கள் என்ன அமைச்சர்களா?"

குரங்குகள் சிரித்தன. நரி முறைத்தது. "நிலத்தின் மேல் யாருமில்லை. கண்ணால் பார்த்தேன்."

"பன்றியார் கேட்பது மேலே இருப்பதையா, கீழே இருப்பதையா?"

"கீழே இருப்பதை."

"கிழங்கு கீழே இருப்பது தெரிகிறது. நாங்கள் கீழே இருப்பது மட்டும் தெரியவில்லை. நல்ல கண்தான்!"

ராணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரியம்மா, உனக்கு என்ன வேண்டும்?"

"வெயில் தாழ்ந்ததும் நீங்களே வந்து அங்கே நில்லுங்கள். அது போதும்."

மாலையில் ராணி வந்து நின்றாள். மண்ணின் சின்ன அதிர்வும் யானையின் பாதத்துக்குத் தெரியும். சற்று நேரத்தில் அவள் உடம்பு குலுங்கியது.

"ஐயோ, உள்ளங்கால் கூசுகிறதே! கீழே ஓர் ஊரே நடமாடுகிறது!"

வளைகள் திறந்தன. முள்ளம்பன்றி சோம்பல் முறித்தபடி வந்தது. எறும்புதின்னி குட்டியை வாலில் சுமந்து வந்தது. தவளைகள் குதித்தன. நரி வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தது. அங்கேயும் ஆட்கள்.

"இந்தக் குத்தகை ரத்து" என்றாள் ராணி. "பன்றி, ஓடைக்கரை மேட்டில் தோண்டிக்கொள். அங்கேயும் நான் நின்று பார்த்த பிறகுதான். ஒரு குழியை மூடிவிட்டுத்தான் அடுத்த குழி."

"கிழங்கு கிடைத்தால் சரி" என்றது பன்றி.

"நரியாரே, இனி நீர் ஒவ்வொரு வளையிலும் குனிந்து, யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வர வேண்டும். இங்கிருந்தே தொடங்கும்."

முதல் வளை முள்ளம்பன்றியுடையது. நரி மிக மரியாதையாகக் கேட்டது. அது நடு வளைக்கு வந்து சேர்வதற்குள் வெள்ளெலியின் குட்டிகள் கண் திறந்திருந்தன.

பொது நிலத்தைக் குத்தகைக்கு விடும் முன் அங்கே வாழ்கிறவர்களை, அவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் போய்க் கேட்க வேண்டும்.