முதுகுக்குப் பின்னால் சூரியன்

சுரண்டை பஸ் நிலையத்துக்கு எதிரே, பல் ஆஸ்பத்திரியின் மாடியில், செண்பகா ஸ்டூடியோ என்று ஒன்று உண்டு. அதில் நான்கு பேர் வேலை பார்த்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கான வேலைதான் இருந்தது. அறிவும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆனால் அதைச் சண்டை சச்சரவு இல்லாமல் பங்கு வைத்துக்கொண்டார்கள்.

முதலாளி செண்பகராஜுக்கு வயது நாற்பத்தாறு. அவருடைய நீலத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டவர்கள் துபாய்க்கும் மலேசியாவுக்கும் பறந்து போனார்கள். அவர் மட்டும் அந்தத் துணியைத் தாண்டிப் போனதே இல்லை. அதனால்தான், ஊரில் மண்டபம் காலியாய்க் கிடக்க அதை விட்டுவிட்டுக் கடலோரத்திலும் மலையிலும் போய்க் கல்யாணம் செய்கிறார்களே, அந்தக் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தே பிழைத்துக்கொள்வது என்று ஒருநாள் முடிவெடுத்தார்.

அவர் மனைவி புஷ்பக்கனி நியாயமானவள். "ஒரு கல்யாணம். ஒண்ணே ஒண்ணு. அது சரியா வரலன்னா ஒண்ணாந்தேதி எங்க அண்ணன் மாவு மில்லுக்குப் போயிரணும். அவன் உங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுட்டான்" என்றாள்.

செண்பகராஜ் அந்த ஸ்டூலைக் கனவில் இரண்டு தடவை பார்த்துவிட்டார்.

முதல் கல்யாணம் கிடைத்தது. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ரிசார்ட். ஏற்பாட்டுக்காரர் ரோஸ்லின் மேடம் போனில் பேசினார். "இது நல்லா வந்தா இந்த வருஷத்துக் கல்யாணம் பன்னிரண்டும் உங்களுக்குத்தான். முந்தின நாளே வந்து வெளிச்சம் பார்த்துக்கோங்க. நாலே விஷயம், எழுதிக்கோங்க. சூரியன் எப்பவும் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கணும். விருந்தாளியோட விருந்தாளியா கலந்துடணும், படம் எடுக்கிறவங்கன்னு யாருக்கும் தெரியக் கூடாது. எல்லாத்துக்கும் பேக்கப் வேணும், ஒண்ணு பழுதானா இன்னொண்ணு. கடைசியா, தாலி கட்டும்போது மாப்பிள்ளை பொண்ணு மேல இருந்து கண்ணை எடுக்கவே கூடாது."

"நாலு விதி, நாலு ஆளு. ஆளுக்கு ஒண்ணு" என்றார் செண்பகராஜ். "ஒருத்தன் விதியில இன்னொருத்தன் தலையிடக் கூடாது. அப்பதான் தொழில் சுத்தமா இருக்கும்."

சேர்மத்துரைக்குச் சூரியன். பிச்சைக்கனிக்கு விருந்தாளி. நயினாருக்கு பேக்கப். கண் எடுக்காத பொறுப்பு பெரிய பொறுப்பு என்பதால் அதை முதலாளியே வைத்துக்கொண்டார்.

நயினார் அன்றே பட்டியல் போட உட்கார்ந்தான். "கேமராவுக்கு இன்னொரு கேமரா. குடைக்கு இன்னொரு குடை. மாப்பிள்ளைக்கு?"

"மாப்பிள்ளைக்குத்தான் மாப்பிள்ளைத் தோழன் இருக்கானேலே" என்றான் சேர்மத்துரை.

நயினார் பென்சிலைக் கீழே வைத்தான். "அதுக்குத்தானா அவன்! என் கல்யாணத்துல அவன் எதுக்கு என்னையவே பாத்துக்கிட்டு நின்னான்னு இப்பல்லா புரியுது."

"நம்ம பெரியவங்க எல்லாத்தையும் யோசிச்சு வச்சிருக்காங்க" என்றார் செண்பகராஜ்.

"சரி அண்ணாச்சி, முகூர்த்தத்துக்கு?"

நால்வரும் வெகுநேரம் யோசித்தார்கள். தாலி கட்டுகிற படம் பழுதாகிவிட்டால் இன்னொரு தாலி கட்டு எங்கே போய் வாங்குவது? கடைசியில் நயினார் தன் மனைவியின் கல்யாணப் பட்டு, ஒரு சவுரி, மஞ்சள் கயிறு மூன்றையும் பையில் போட்டுக்கொண்டான்.

முந்தின நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். மணவறை கடலைப் பார்த்துப் பூவும் தோரணமுமாகத் தயாராய் இருந்தது. சூரியன் ஓட்டல் கட்டடத்துக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. சேர்மத்துரை சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தான், நடந்தான், மணவறைக்குப் பின்பக்கம் வந்து நின்றான்.

"இதுதான் இடம்" என்று சுண்ணாம்புப் பொடியால் ஒரு வட்டம் போட்டான்.

"பொண்ணு மாப்பிள்ளை அந்தப் பக்கம்லா பாத்து உக்காருவாங்க? முதுகுதானலே தெரியும்" என்றான் பிச்சைக்கனி.

"முகம் தெரியணும்னு விதி இருக்கா?"

காகிதத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார்கள். இல்லை.

நயினார் மாப்பிள்ளை ஆனான். வெண்டைக்காய் போல ஒல்லியான பிச்சைக்கனிக்குப் பட்டுச் சேலை கட்டி, சவுரி வைத்து, தோரணத்திலிருந்து கொஞ்சம் மல்லிகையை இரவல் வாங்கிச் சூட்டினார்கள். நயினார் மஞ்சள் கயிற்றைக் கட்டினான். சேர்மத்துரை வட்டத்துக்குள் நின்று பிச்சைக்கனியின் கேமராவில் இருநூறு படம் எடுத்தான். மஞ்சள் வெயில் இரண்டு முதுகிலும் தேன் போல வழிந்தது. அப்பால் கடல். இத்தனை வருஷம் நீலத் துணியைத்தான் கடல் என்று நினைத்து ஏமாந்துவிட்டோமோ என்று செண்பகராஜுக்கு ஒரு கணம் தோன்றியது.

"நயினாரு" என்றான் பிச்சைக்கனி, கயிற்றைத் தடவிக்கொண்டே. "எனக்கு ஊர்ல பொண்ணு பாத்திருக்காங்கல்லா. இப்ப நான் என்ன பண்ண?"

"இது பேக்கப்புலே. அசல் பழுதானாத்தான் செல்லும்."

பிச்சைக்கனி நிம்மதியாய்த் தூங்கினான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சூரியன் கடலிலிருந்து வந்தது.

நால்வரும் திகைத்துப்போய் நின்றார்கள்.

"நேத்து ஓட்டலுக்குப் பின்னாலதான வச்சிட்டுப் போனோம்?" என்றான் சேர்மத்துரை.

"நானும் பாத்தேன். அங்கனதான் இருந்துச்சு" என்றான் நயினார்.

"ரிசார்ட்காரங்க மாத்திட்டாங்க" என்றார் செண்பகராஜ். "பணக்கார இடம். எதையாவது அங்கிட்டும் இங்கிட்டும் மாத்திப் போட்டுக்கிட்டே இருப்பாங்க."

"மேனேஜர்ட்டச் சொல்லுவமா?"

"முகூர்த்த நேரத்துல எதுக்குலே வம்பு?"

சேர்மத்துரை சுண்ணாம்பு வட்டத்தை ஒரு பெருமூச்சோடு காலால் அழித்துவிட்டு, சூரியனை முதுகுக்குப் பின்னால் வாங்கிக்கொண்டான். அதாவது கடலில் இறங்கினான். கணுக்கால் தண்ணீரில் நின்று பார்த்தான், மணவறை மட்டும் தெரிந்தது. முழங்காலளவில் நின்றபோது மேளக்காரர்கள் வந்தார்கள். இடுப்பளவு போனதும்தான் இரு வீட்டாரும் படத்துக்குள் அடங்கினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் மட்டும் ஓரத்தில் பாக்கி. அவரையும் விட்டுவிடக் கூடாதே என்று இன்னும் இரண்டடி பின்னால் வைத்தான். அப்போதுதான் அந்த அலை வந்தது.

கரையில் நயினார் இரண்டாவது கேமராவோடு நின்றான். "சேர்மத்துர! பழுதாயிட்டா?" என்று கத்தினான். பழுதாகாமல் பேக்கப்பை எடுப்பது விதிக்கு விரோதம். சேர்மத்துரை தண்ணீருக்கு அடியில் இருந்ததால் பதில் சொல்லவில்லை.

"சொன்னாத்தானலே எடுக்க முடியும்!" என்று நயினார் நேரில் விசாரிக்க இறங்கினான். கழுத்தில் இரண்டாவது கேமரா. இரண்டாவது அலை அதைப் பார்த்துக்கொண்டது.

பிச்சைக்கனி இந்த நேரம் விருந்தாளியோடு விருந்தாளியாய்க் கலந்துவிட்டிருந்தான். விருந்தாளி கையில் எதற்குக் கேமரா என்று அதை அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, முதல் பந்தியில் உட்கார்ந்தான். பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள். அவனும் பத்து நிமிஷத்தில் அப்படியே நினைத்துவிட்டான்.

"அப்பளம் நொறுங்கிக் கிடக்கு. எங்க பக்கத்து ஆளுகளுக்கு இதான் மரியாதையா?" என்று இலையைத் தள்ளினான். பெண்ணின் தகப்பனார் ஓடிவந்து, "மாமா, கோவப்படப்படாது" என்று கையைப் பிடித்துக்கொண்டு, முழு அப்பளம் நாலு வைத்தார்.

கெட்டிமேளம் முழங்கியது.

செண்பகராஜ் மணவறைக்கு எதிரே கல்லாய் நின்றார். கண்ணை எடுக்கவில்லை. மாப்பிள்ளை கயிற்றின் நுனியைத் தேடியதைப் பார்த்தார். பெண் உதட்டைக் கடித்து அழுகையை அடக்கியதைப் பார்த்தார். மூன்று முடிச்சையும் எண்ணினார். கேமராவைத் தூக்க வேண்டுமென்றால் முதலில் குனிந்து அதன் பொத்தானைத் தேட வேண்டும். குனிந்தால் கண்ணை எடுத்ததாகிவிடும். அவர் குனியவில்லை. அட்சதையில் ஒரு பருக்கை நேராகக் கண்ணிலேயே விழுந்தது. அப்போதும் இமைக்கவில்லை.

"எப்படி வந்திருக்கு?" என்று ரோஸ்லின் மேடம் கேட்டபோது செண்பகராஜுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு விடாமப் பாத்துட்டேன் மேடம்" என்றார்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் கணக்குப் பார்த்தார்கள். நான்கு விதியையும் ஒரு குறை இல்லாமல் காப்பாற்றியிருந்தார்கள். படம்தான் ஒன்றுகூட இல்லை. செண்பகராஜ் ஜன்னல் வழியே மாவு மில்லின் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி மொகத்தைத் தொங்கப் போடுதிய?" என்றான் நயினார். "அசல் பழுதாயிட்டு. பேக்கப் எதுக்கு இருக்கு?"

முந்தின நாள் எடுத்த அந்த இருநூறு படத்தையும் அப்படியே ஆல்பமாகப் போட்டு அனுப்பினார்கள்.

ஒரு வாரம் செண்பகராஜ் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாம் நாள் ரோஸ்லின் மேடம் கூப்பிட்டார்.

"சார், என்ன படம் சார் அது! முகத்தையே காட்டாம, முதுகுல ஒரு கல்யாணத்தையே சொல்லிட்டீங்க! பொண்ணோட அப்பா ஆல்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுறார். பொண்ணுதான் முதல்ல, 'என் சேலை பச்சைல்லா, இது என்ன அரக்கு'ன்னு கேட்டா. அப்புறம், 'நான் இவ்வளவு ஒல்லியாவா இருந்தேன்'னு சொல்லிட்டு ஹால்ல பெரிசா மாட்டச் சொல்லிட்டா. பன்னிரண்டு கல்யாணமும் உங்களுக்குத்தான். எல்லாருக்கும் இதே மாதிரிதான் வேணுமாம்."

புஷ்பக்கனி அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்டூலைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொன்னாள்.

பிச்சைக்கனி மட்டும் மூலையில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "அப்ப அசல் பழுதாயிட்டு. இப்ப நம்ம கல்யாணம் செல்லுமாலே?" என்று கேட்டான். நயினார் டீ வாங்கப் போய்விட்டான்.

அடுத்த கல்யாணம் கொடைக்கானலில். நால்வரும் வழக்கம்போல முந்தின நாளே போய் இறங்கினார்கள். இந்தத் தடவை தொழில் கை வந்துவிட்டது. சூரியன் ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்குவதற்குள் பட்டு, சவுரி, மல்லிகை எல்லாம் முடிந்து, முந்நூறு படம் எடுத்துவிட்டார்கள். ஒரு அலை இல்லை, ஒரு பழுது இல்லை.

மறுநாள் காலை அவர்கள் வத்தலக்குண்டில் பஸ் மாற இறங்கி வடை தின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சார், எங்கே இருக்கீங்க?" ரோஸ்லின் மேடத்தின் குரலுக்குப் பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "ஐயர் தாலியைக் கையில எடுத்துட்டார்! இன்னும் ரெண்டு நிமிஷம்தான்!"

"பதறாதீங்க மேடம்" என்றார் செண்பகராஜ், வாயிலிருந்த வடையை மென்று விழுங்கிவிட்டு. "நேத்தே கட்டியாச்சு. ரொம்ப நல்லா வந்திருக்கு. பொண்ணு மாப்பிள்ளையை நிதானமாப் பண்ணச் சொல்லுங்க. அது சும்மா பேக்கப்புதான?"